ரஜாய் (தடித்த குளிர்போர்வை) தைத்து கூஸ் தூவி (பெருவாத்தின் மென்மையான உள்ளிறகு) நிரப்பப் போகிறேன். போர்வைக்குள் தடுத்துப் பிரித்த ஒவ்வொரு அறைக்கும் எத்தனை கிராம் போடுவது?

தூவிக்கு எடையை விட அது அடைக்கும் இடம்தான் முக்கியம். பாக்கெட்டில் ஃபில் பவர் 800 என்றிருந்தால், ஒரு அவுன்ஸ் (28 கிராம்) தூவி 800 கன அங்குலத்துக்கு உப்பும்.

உங்கள் அறை 50 அங்குல நீளம், 5 அகலம், 2 உயரம் என்றால் மொத்தம் 500 கன அங்குலம். 800-ஆல் வகுத்தால் 0.625 அவுன்ஸ், ஏறக்குறைய 18 கிராம். நான் 21 கிராம் போடச் சொல்வேன். உடம்பின் ஈரம் பட்டால் தூவி அமுங்கும்; குறைவாக இருந்தால் ஒரு மூலைக்கு ஒதுங்கி, மற்ற இடத்தில் குளிர் ஏறும். இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

மேல்துணியையும் அடித்துணியையும் ஒட்டித் தைக்காதீர்கள், தையல் கோடெல்லாம் குளிரும். நடுவே கொசுவலைப் பட்டையைச் சுவராக நிறுத்துங்கள். துணி நெருக்கமான நெசவுள்ள நைலானாக இருக்கட்டும்.

நிரப்பும்போது மின்விசிறியை அணைத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். அகலமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை வலையால் மூடி வேக்குவம் கிளீனரில் மாட்டி, மறுமுனையால் தூவியை உறிஞ்சுங்கள். குழாயோடு எடை பார்த்து, வெற்றுக் குழாயின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளீனரையும் வலையையும் கழற்றிவிட்டு, குழாயை அறைக்குள் நுழைத்து ஒரு குச்சியால் தள்ளினால் போதும், வீடெல்லாம் பறக்காது.