கதீற்றர் இன்றும் தேவையா?

கேள்வி: மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அண்மையில் கடமையேற்ற தாதி நான். கதீற்றர் (சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் குழாய்) பொருத்தப்பட்ட நோயாளருக்குச் சிறுநீர்த் தொற்று வராதிருக்க, வாரம் ஒருமுறை அதனை மாற்றித் தினமும் தொற்றுநீக்கியால் சுத்தம் செய்ய வேண்டும் என மூத்தவர்கள் கூறுகின்றனர். இது சரியா? நான் வேறு எதை அறிந்திருக்க வேண்டும்?
– தாதி ஒருவர், தலவாக்கலை

பதில்: அவ்விரண்டும் நோயாளர் மீதுள்ள அக்கறையால் வந்த பழக்கங்களே, ஆயினும் இரண்டும் தேவையில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு நிலையம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல், நாட்கணக்கு வைத்துக் கதீற்றரை மாற்றுவதை ஏற்கவில்லை. அடைப்போ தொற்றோ ஏற்பட்டால், அல்லது இணைப்புக் கழன்று, குழாயும் சிறுநீர் சேரும் பையும் கொண்ட மூடிய அமைப்புக் குலைந்தால் மாற்றலாம் என்கிறது. சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி அன்றாடம் உடல் துடைக்கும்போது செய்யும் சாதாரண சுத்தமே போதும். மூத்தவர்களிடம் இதனை எடுத்துரைக்கும்போது தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது நாட்களின் எண்ணிக்கையை. கதீற்றர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பற்றீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை உள்ளது. அக்கிருமிகள் குழாயின் சுவரில் வழுவழுப்பான படலமாகப் படிந்துவிட்டால் மருந்து அவற்றை எளிதில் எட்டாது. இரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்து அதிர்ச்சி நிலையிலுள்ளவரின் சிறுநீரை மணிக்கு மணி அளக்க வேண்டியிருக்கையில் கதீற்றர் இன்றியமையாதது. அவர் தேறிய பின்னரும் படுக்கை நனையாதிருப்பதற்காக மட்டும் அதனை விட்டுவைப்பது தவறு. ஆகவே காலையில் வைத்தியர்கள் பார்வையிட வரும்போது, “இது இன்றும் தேவையா?” என்று கேட்பவர் நீங்களாக இருங்கள். புதிதாக வந்தவள் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம்.

பொருத்தும்போது கிருமியற்ற முறையைக் கைக்கொள்வதும், தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகழுவுவதும் நீங்கள் கற்றவையே. பரிசோதனைக்கான மாதிரியைப் பையிலிருந்து எடுக்காமல், குழாயில் அதற்கென உள்ள இடத்திலிருந்து எடுங்கள். பையை வெறுமையாக்க ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரம் வேண்டும்; பையின் வாய் அதில் படக்கூடாது. பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடத் தாழ்வாக, ஆனால் தரையில் முட்டாமல் தொங்க வேண்டும்.

நமது பகுதியில் இக்கடைசி விடயமே அதிகம் தவறிப்போகிறது. நோயாளரை அம்புலன்ஸில் ஏற்றி, வளைவுகள் நிறைந்த பாதையில் கண்டிக்கோ பதுளைக்கோ அனுப்பும் அவசரத்தில் பையைத் தூக்கி அவரது வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். தேங்கிய சிறுநீர் அதிலுள்ள கிருமிகளோடு உள்ளே திரும்பிப் பாய்கிறது. புறப்படுமுன் பையை வெறுமையாக்கி, தாழ்வாகக் கட்டி, குழாய் மடங்காதிருப்பதைப் பார்த்து அனுப்புங்கள்.

சிறுநீர் கலங்கியிருப்பதோ நாற்றமடிப்பதோ தன்னளவில் தொற்றுக்குச் சான்றாகாது. அதற்காக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தொடங்குவது தேவையற்றது. மயக்க நிலையிலுள்ளவர் தம் வலியைச் சொல்லமாட்டார் என்பதால், வேறு காரணம் புலப்படாத காய்ச்சலைக் கண்டவுடன் வைத்தியருக்கு அறிவியுங்கள்.

தோட்டத்திலிருந்து பார்க்க வரும் உறவினர்கள், உதவுவதாக எண்ணிப் பையைக் கட்டிலின் மேல் எடுத்து வைப்பதுண்டு. தமிழில் பொறுமையாக விளக்கிச் சொல்ல அந்த வேளையில் கடமையில் இருப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும். “மிஸ்ஸி சொன்னாங்க” என்றால் அவர்கள் தவறாமல் கேட்பார்கள்.