அறிகுறி இல்லாதபோது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எதற்கு?

எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தொந்தரவு இல்லாத காலமே அதற்கு உகந்த காலம். இந்நோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸின் தொற்று நீங்காமல் தங்கிவிட்டால், அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த நெடிய இடைவெளியில் தென்படும் உயிரணு மாற்றங்களை, பல நேரங்களில் மருத்துவமனையில் தங்காமலேயே, உறையவைத்து அழித்துவிட முடிகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரேயொரு முறை செய்ததிலேயே இந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதே எனக்கு வியப்பு. அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி சோதனையாக இருந்தால், 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதுமானது. எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இதற்கு விலக்கல்லர்.