விருதுப் படமெல்லாம் திருநெல்வேலிக்கு வருமா, அண்ணாச்சி?

பொங்கல் படங்களின் ஆரவாரம் அடங்கி ஆஸ்கர் பேச்சு தொடங்கிவிட்டது. ஜங்ஷன் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் வந்த கேள்விகளை மொத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பதிலில் தெரிகிற கோபதாபம் எல்லாம் என்னுடையது.

வருசா வருசம் சனவரி பொறந்தா ‘ஆஸ்கர் போட்டியில் தமிழ்ப் படம்’னு செய்தி போடுதாவ. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. என்னதான் நடக்கு, அண்ணாச்சி? (வண்ணார்பேட்டை)

ஒன்றும் நடக்கவில்லை தம்பி, அதுதான் விஷயம். ‘விதிப்படி தகுதி உள்ள படங்கள் இவை, ஓட்டுப் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஆஸ்கர் தரும் அகாடமி ஆண்டுதோறும் ஒரு நீளமான பட்டியல் விடும். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் என்று ஆறு அமெரிக்க நகர வட்டாரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏதாவது ஒன்றில் ஏழு நாள் தொடர்ந்து படத்தை ஓட்டி, கேட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டால் பெயர் ஏறிவிடும். 2025 ஜனவரியில் வந்த பட்டியலில் 323 படங்கள் இருந்தன. ‘கங்குவா’வும் அதில் ஒன்று. சிறந்த படம் என்ற பிரிவுக்கு இன்னும் பல ஊர்களில் ஓட்டியிருக்க வேண்டும் என்பது போன்ற கூடுதல் நிபந்தனைகள் உண்டு. அதையும் தாண்டித் தேறியவை 207.

வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறது என்பதற்காக யாரும் எம்.எல்.ஏ. ஆகிவிடுவதில்லை. பட்டியல் வேறு, அதிலிருந்து கடைசிப் போட்டிக்கு எடுக்கும் பரிந்துரை வேறு, விருது வேறு. அடுத்த ஜனவரியில் யாராவது பட்டாசு வாங்கக் காசு கேட்டால், ‘பரிந்துரையா, பட்டியலா?’ என்று மட்டும் கேளுங்கள்.

ஆஸ்கரின் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு இந்தியா சார்பில் போகும் படத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தமிழ்ப் படம் எதுவும் பரிந்துரை வரைகூடப் போகாதது ஏன்? (அம்பாசமுத்திரம், ஓர் ஆசிரியை)

டீச்சர், இதை அரசாங்கம் செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செய்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு. அது தயாரிப்பாளர், விநியோகஸ்தர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பு. தயாரிப்பாளர் கட்டணம் கட்டி அனுப்பிய படங்களை ஒரு நடுவர் குழு பார்த்து, வழக்கமாக செப்டம்பரில் ஒன்றைச் சொல்லும். அனுப்பாத படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் கணக்கில் வராது. ஒரு நாட்டுக்கு ஒரு படம்தான். இத்தனை மொழியில் படம் எடுக்கும் நாட்டுக்கும் அதே ஒன்றுதான்.

தமிழிலிருந்து போனவை குறைச்சல் இல்லை. 1969-ல் ‘தெய்வமகன்’ போனது. பிறகு ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’, ‘ஹே ராம்’. ரொம்ப நாள் கழித்து ‘விசாரணை’, 2021-ல் ‘கூழாங்கல்’. ‘ஜீன்ஸ்’ எந்தக் கணக்கில் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாட்டு நல்ல பாட்டு, அதில் சண்டை இல்லை. ஆனால் ஏழு உலக அதிசயத்தையும் சுற்றிக் காட்டினால் விருது தருவது சுற்றுலாத் துறைதான். இந்தியாவிலிருந்து இந்தப் பிரிவில் பரிந்துரை வரை போனவை மூன்றே: ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’.

தேர்வு மட்டும் காரணம் இல்லை. ஓட்டுப் போடுகிறவர்களைப் படம் பார்க்க வைக்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு விநியோகஸ்தர், விளம்பரம், மாதக்கணக்கில் தங்கித் திரையிட ஆள், பணம் எல்லாம் வேண்டும். ‘லகான்’ குழு அப்படிப் போய் உட்கார்ந்தது. ‘ஆர்.ஆர்.ஆர்.’ இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமே இல்லை. சொந்தக் காசில் முட்டி மோதி, 2023-ல் பாட்டுக்கு விருது வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

என் ஆற்றாமை 2024 பற்றியது. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ பிரான்சின் கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ வாங்கியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே போட்டிப் பிரிவில் நின்ற இந்தியப் படம். நம் குழு அதை விட்டுவிட்டு ‘லாபதா லேடீஸ்’ படத்தை அனுப்பியது. அது நல்ல படம்தான், நானும் ரசித்தேன். ஆனால் பரிந்துரைக்கு முன் அகாடமி வடிகட்டி எடுக்கும் 15 படங்களுக்குள் அது வரவில்லை. அதே ஆண்டு பிரிட்டன் அனுப்பிய ‘சந்தோஷ்’ என்ற இந்திப் படம் அந்த 15-க்குள் இருந்தது! இதை என்ன சொல்ல?

பத்துப் படம் நிற்கும்போது ஓட்டு சிதறாதா? ஜெயிக்கிற படம் எப்படி ஜெயிக்கிறது? (மேலப்பாளையம்)

நல்ல கேள்வி, பாய். மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் முறை வேறு. மாநிலங்களவைத் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்களே, அதுபோல 1, 2, 3 என்று வரிசை எழுத வேண்டும். முதலிட ஓட்டில் பாதிக்கு மேல் யாருக்கும் வரவில்லை என்றால் கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு, அதன் ஓட்டுகளை அந்தந்தச் சீட்டில் அடுத்து எழுதியிருக்கும் படத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது நடக்கும்.

இதனால் பாதிப் பேர் உயிரை விட்டு நேசித்து மீதிப் பேர் கரித்துக்கொட்டும் படம் தோற்றுவிடும். எல்லார் சீட்டிலும் இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருக்கும் படம் மேலே வந்துவிடும். வெற்றி பெற்ற படத்தைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை, ஆனா இதுக்கா?’ என்று நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டு உள்ளவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். சூர்யாவை 2022-லும், மணிரத்னத்தை 2023-லும், கமல்ஹாசனை 2025-லும் உறுப்பினராக அழைத்தார்கள். ஒரு பிரிவில் உள்ள படங்களை எல்லாம் பார்த்தால்தான் அந்தப் பிரிவில் இறுதி ஓட்டுப் போடலாம் என்று 2025-ல்தான் விதி கொண்டுவந்தார்கள். அதுவரை பார்க்காமலே போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆஸ்கர் சிலை முழுக்கத் தங்கமா, மாமா? (பாளையங்கோட்டை, ஏழாம் வகுப்பு)

இல்லை மக்கா. வெண்கலம், மேலே தங்க முலாம். பதிமூன்றரை அங்குல உயரம், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கியவர் விற்க நினைத்தால் முதலில் அகாடமிக்கே ஒரு டாலருக்குத் தர வேண்டும். அடகுக் கடைக்குக் கொண்டுபோக முடியாது.

2023-ல் வந்த படத்துக்கு 2025-ல் தேசிய விருது குடுக்காவ. சிவாஜிக்குக் கடைசிவரை சிறந்த நடிகர் விருதே குடுக்கல. இதையெல்லாம் மதிக்கணுமா? (கோவில்பட்டி)

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரை தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய படங்கள்தான் அந்த ஆண்டுக் கணக்கு. பிறகு விண்ணப்பம், வட்டார நடுவர் குழு, அப்புறம் மையக் குழு. கொரோனாவில் விழுந்த இடைவெளியை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. ஆனாலும் ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது என்று 2025 ஆகஸ்டில் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்தது. எத்தனை வருசமாகச் சின்னச் சின்ன வேடத்தில் வந்து படத்தைத் தாங்கியவர். தாமதமாக வந்தாலும் சரியான கைக்குப் போனால் நான் மன்னித்துவிடுவேன்.

சிவாஜி விஷயத்தில் மன்னிப்பு இல்லை. எம்.ஜி.ஆருக்கு ‘ரிக்‌ஷாக்காரன்’, கமலுக்கு மூன்று முறை, விக்ரம், தனுஷ், சூர்யா எல்லாரும் வாங்கினார்கள். சிவாஜிக்கு நடிப்புக்கான அந்த விருது வரவே இல்லை. பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது கொடுத்தார்கள், அது வேறு. ஆனால் 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக அவர் சிறந்த நடிகர் ஆனார். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரும்போது கயத்தாறைத் தாண்டித்தானே வருகிறீர்கள்? அங்கே நிற்கும் கட்டபொம்மன் சிலையை நிறுவியவரும் சிவாஜிதான். டெல்லிக்காரர்கள் மறந்தால் மறக்கட்டும்.

காலை நாலு மணிக் காட்சி இனி வராதா? (தென்காசி)

2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் இறந்துபோனார். அதிலிருந்து தமிழ்நாட்டில் ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. உங்கள் ஊர்ப் பையன்கள் செங்கோட்டை தாண்டிக் கேரளாவில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று தெரியும். மலைப் பாதையில் ராத்திரி பைக்கில் மட்டும் போகாதீர்கள். படம் ஒன்பது மணிக்கும் அதே படம்தான்.

விருது வாங்கின வெளிநாட்டுப் படத்தை நம்ம ஊர்த் தியேட்டரில் கேட்டால் ‘அதெல்லாம் வராது தம்பி’ என்கிறார்கள். ஏன் வராது? (திருநெல்வேலி டவுன், கல்லூரி மாணவர்)

தொழில்நுட்பமாகப் பார்த்தால் தடையே இல்லை. அந்தக் காலம் மாதிரி பெட்டி ரயிலில் வர வேண்டியதில்லை. படம் ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வந்து தியேட்டர் சர்வரில் இறங்கிவிடும். ஆனால் பூட்டிக் கிடக்கும். கே.டி.எம். என்கிற சாவியைத் தனியாக அனுப்புவார்கள். அந்தச் சாவி அந்த ஒரு சர்வருக்குத்தான் செல்லும், அதுவும் இன்ன தேதி இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை. பெரிய நடிகர் படத்துக்கு வாசலில் மேளம் அடிக்க, உள்ளே ஆபரேட்டர் ‘கீ வரல, கீ வரல’ என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பார் பாருங்கள், அது இதுதான். பணப் பாக்கி தீர்ந்தால் சாவி வரும்.

ஆக, விநியோகஸ்தர் மனசு வைத்தால் ஒரு காட்சிக்கு மட்டும்கூட இங்கே சாவி கொடுக்கலாம். ‘நெல்லையில் யார் பார்ப்பார்?’ என்ற எண்ணம்தான் தடை. அந்த எண்ணத்துக்கு நாமும் காரணம். 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வந்தன. ‘வாழை’ நம் தாமிரபரணிக் கரைக் கதை. வாழைத்தார் சுமந்தவர்கள், சுமந்தவர்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு போனார்கள், அழுதார்கள். ‘கொட்டுக்காளி’ பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ ஓடும் சத்தம், சேவல் கத்தும் சத்தம், அந்தப் பெண்ணின் மௌனம். முடிவைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்த காட்சியில் விளக்குப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ‘அம்புட்டுதானா வே?’ என்று ஒரு குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார் அல்லவா, அதுவே பெரிசு.

என் யோசனை இது. நூறு பேர் சேருங்கள். கூட்டம் குறைவான நாளில் ஒரு காலைக் காட்சியை மொத்தமாகப் பேசுங்கள். ரசிகர் மன்றங்கள் செய்வதுதான், நாமும் செய்யலாம். ராம் முத்துராம் தியேட்டரில் முதல் நாள் ஆடுகிற ஆட்டத்தை ஊரே பார்த்திருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உற்சாகம் போதும். விருதால் ஒரு படத்துக்கு ஏதாவது பிரயோசனம் உண்டு என்றால், அதைச் சொல்லி இன்னும் நாலு காட்சி கேட்க முடியும் என்பதுதான்.

நம்ம பக்கத்து எழுத்தாளர்கள் கதை படமாகி விருது வாங்கியிருக்கா? (நாங்குநேரி)

பூமணியின் ‘வெக்கை’ நாவல்தான் ‘அசுரன்’. தனுஷுக்குச் சிறந்த நடிகர், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்று இரண்டு தேசிய விருதுகள். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்தது. கி.ரா.வின் ‘கிடை’ கதை ‘ஒருத்தி’ என்ற படமானது. ‘அவள் அப்படித்தான்’ எழுத்தில் வண்ணநிலவனுக்குப் பங்கு உண்டு. புதுமைப்பித்தனே சினிமாவுக்கு எழுதப் புனே வரை போய், நோயோடு திரும்பி 1948-ல் இறந்தவர். நாவலை முதலில் படியுங்கள், பிறகு படம். ‘வெக்கை’யில் அந்தப் பையனின் கண்ணால் பார்க்கிற காடு படத்தில் இல்லை.

பட விழாவுக்குப் போக ஆசை. கோவா தூரம், சென்னையும் தூரம். என்ன செய்ய? (களக்காடு)

நமக்குப் பக்கத்து வீடு திருவனந்தபுரம்தான், இதை ஏனோ நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996-லிருந்து நடக்கிறது, வழக்கமாக டிசம்பரில். திருநெல்வேலியில் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் நாகர்கோவில் வழியாகப் போய் இறங்கலாம். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று தியேட்டர் ஒரே வளாகத்தில். விழா தொடங்குமுன் இணையத்தில் பதிவு செய்து டெலிகேட் அட்டை வாங்கிவிடுங்கள். மறுநாள் படங்களுக்கு முன்பதிவு திறந்ததும் செய்துவிட வேண்டும், பேர்பெற்ற படங்கள் நொடியில் நிறைந்துவிடும். கிடைக்காவிட்டால் வரிசையில் நிற்கலாம். காலி இருக்கை இருந்தால் விடுவார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்ப்பேன் என்று கிளம்பாதீர்கள். மூன்று போதும். நாலாவது படத்தில் சப்டைட்டில் ஓடும், கண் ஓடாது. இடையில் வெளியே வந்து ஒரு கட்டன் சாயா குடித்தால் பக்கத்தில் நிற்கிறவரே ஈரானியப் படத்தைப் பற்றி உங்களிடம் வாதம் பண்ண ஆரம்பித்துவிடுவார். ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூட விழாவில் என்ன படம் நல்லா இருக்கு என்று தெரிந்திருக்கும். எனக்குப் பொறாமையே அதில்தான்.

பழைய படங்களைத் திரும்பப் போடுவது நல்லதா? (சங்கரன்கோவில்)

‘கில்லி’ 2024-ல் திரும்ப வந்தபோது கூட்டம் அள்ளியது. அது பிறந்தபோது பிறக்காத பிள்ளைகள் வசனத்தை ஒப்பித்தார்கள். தியேட்டர்காரர்களுக்கு ஒரு வாரச் சோறு. ஆனால் திரும்ப வருவதெல்லாம் பெரிய நடிகர் படமாகவே இருக்கிறது. ‘உதிரிப்பூக்கள்’ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் நான் குடும்பத்தோடு ஆஜர்.

ஆஸ்கர் விழாவை நேரலையில் பார்க்க ராத்திரி முழிக்கணுமா? (வள்ளியூர்)

வேண்டாம் அக்கா. அங்கே ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் அதிகாலை. கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி விழா மீதம் இருக்கும், சிறந்த படத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். 2029-லிருந்து யூடியூப்பிலேயே வரப்போகிறது. 2026-லிருந்து நடிகர் தேர்வுக்கென்று புதிதாக ஒரு விருது சேர்த்திருக்கிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும் என்றால், மதியம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறக்க வேண்டாம்.