ஏஜெண்டுக்கு எழுதும் கடிதம்: கேள்வி பதில்

ஆங்கிலத்தில் நாவல் எழுதி, அதைப் பதிப்பாளர்களிடம் விற்றுத்தரும் லண்டன், நியூயார்க் இலக்கிய ஏஜெண்டுகளுக்கு அறிமுகக் கடிதம் அனுப்ப நினைக்கும் நம் சிங்கப்பூர்த் தமிழர்கள் கேட்ட கேள்விகள் இவை.

ஈசூனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நாவல் பாதி முடிந்துவிட்டது. இப்போதே கடிதம் அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. நாவலை எழுதித் திருத்தி முடித்த பிறகு அனுப்புங்கள். கடிதம் பிடித்துவிட்டால் முழுப் பிரதியையும் கேட்பார்கள், அப்போது கையில் இல்லையென்றால் வாய்ப்பு போய்விடும். கட்டுரை நூல் என்றால் விஷயம் வேறு, அதற்குப் பெரும்பாலும் திட்ட வரைவும் மாதிரி அத்தியாயங்களும் போதும்.

பொங்கோல் ஆசிரியை ஒருவர்: 'மூன்று தலைமுறைகளின் புலம்பெயர்வையும் அடையாளத் தேடலையும் பேசும் நாவல்' என்று கடிதத்தைத் தொடங்கியிருக்கிறேன். சரியா?

இல்லைம்மா. இந்த வரியை நூறு நாவல்களுக்குப் போடலாம், உங்கள் நாவல் அதில் தெரியவில்லை. யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் என்ன போகும்? இந்த மூன்றையும் சொல்லுங்கள். 'கேம்பல் லேனில் நாற்பது வருடமாகப் பூ கட்டி விற்கும் செல்லம்மா முப்பது நாளில் கடையைக் காலி செய்ய வேண்டும். கடை நிலைக்க வேண்டுமானால், இருபது வருடமாக முகம் பார்க்காத தம்பியின் கையெழுத்து வேண்டும்.' இதைப் படிப்பவர் தம்பி கையெழுத்துப் போடுவானா என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு நிறுத்துங்கள், முடிவைச் சொல்லிவிடாதீர்கள். முடிவு கதைச்சுருக்கத்துக்கு உரியது, அதைத் தனியாகக் கேட்பார்கள். தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, அண்மையில் வந்த ஒத்த நூல்கள் இரண்டு எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

அவரே மீண்டும்: தேக்கா, கோப்பித்தியாம் மாதிரி நம்மூர்ச் சொற்கள் எல்லாம் ஏஜெண்டுகளுக்குப் புரியுமா?

புரியும்படி வாக்கியம் அமைந்தால் போதும். அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதி நம் ஊரைச் சுற்றுலாக் கையேடாக்கிவிடாதீர்கள். எனக்கு இதில் ரொம்பவே பிடிவாதம் உண்டு.

தெம்பனிசிலிருந்து ஒருவர்: புத்தகமே வந்ததில்லை. என்னைப் பற்றி என்ன எழுதுவது?

சிங்கப்பூரின் எழுத்துப் போட்டியான தங்கமுனை விருதில் பரிசு பெற்றிருந்தால் ஒரு வரி. கதையோடு தொடர்புள்ள வேலை பார்த்திருந்தால் இன்னொரு வரி. இரண்டும் இல்லையா? 'இது என் முதல் நாவல்' என்றாலே போதும்.

ஜூரோங்கிலிருந்து ஒரு அண்ணன்: பிரதியைப் படிக்கவே இருநூறு வெள்ளி கேட்கிறார் ஒரு ஏஜெண்ட். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அண்ணே! நல்ல ஏஜெண்ட் படிப்பதற்குக் காசு வாங்கமாட்டார். நூல் விற்றபின் உள்நாட்டு உரிமையில் வழக்கமாக 15 விழுக்காடும், வெளிநாட்டு உரிமையில் 20 விழுக்காடும் எடுத்துக்கொள்வார். அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: தமிழ் நாவலுக்கும் ஏஜெண்ட் தேடணுமா அக்கா?

தேவையில்லைம்மா. சென்னைப் பதிப்பாளர்களுக்குப் பெரும்பாலும் எழுத்தாளரே நேரடியாக எழுதுவதுதான் வழக்கம். அப்புறம், செல்லம்மா கதைக்குப் போட்ட அந்த மூன்று கேள்விகளை அந்தக் கடிதத்துக்கும் போட்டுப் பாருங்கள்.