கிரீம் உள்ளே இறங்கவில்லை, டிஎம்எஸ்ஓ கலக்கலாமா?

கேள்வி: மேடான பழைய தழும்புக்கு 5 சதவீதக் குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) கிரீம் பூசுகிறேன். 2 மாதமாகத் தோல் மஞ்சளாவதுதான் மிச்சம். டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் கரைப்பான்) கலந்தால் உள்ளே இறங்கும் என்கிறார் விற்றவர். கலக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மஞ்சள் கறை, மருந்தில் பெரும்பகுதி மேலேயே நிற்கிறது என்பதற்கு அடையாளம். தோலின் வெளி அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான். ஆனால் செத்த செல்களும் கொழுப்பும் செங்கல்லும் சாந்துமாக இறுகிய சுவர் அது. கரைந்த மூலக்கூறு மட்டுமே அதில் ஊடுருவும், துகள் ஊடுருவாது. குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. எனவே ‘5 சதவீதம்’ என்பது போட்ட அளவு. கரைந்த அளவு அல்ல. எதில் கரைத்தீர்கள் என்று விற்றவரைக் கேளுங்கள். புரோப்பிலீன் கிளைக்கால், எத்தனால் போன்ற கரைப்பான், அல்லது லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புப் பை என்று ஏதாவது தெளிவான பதில் வர வேண்டும். ‘நானோ’ என்பது பதிலே அல்ல. பல நாடுகளில் அழகுப் பொருள் என்று விற்றால், அது உள்ளே போகிறதா என்று முன்கூட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த ஓட்டையை எத்தனை வருடமாகச் சொல்லியும் அடைத்தபாடில்லை.

டிஎம்எஸ்ஓ உண்மையிலேயே ஊடுருவும். மூட்டுவலிக்கான சில டைக்ளோஃபினாக் திரவங்களில் அது இருக்கிறது. அது சுத்திகரித்து, அளவு பார்த்துச் சேர்த்தது. இப்படி விற்பவர்கள் தருவது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. அதிலுள்ள அழுக்கு, உங்கள் கையிலிருக்கும் சோப்பு, வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் சேர்த்தே உள்ளே இழுத்துப்போகக்கூடும். பூசியபின் மூச்சில் பூண்டு வாடை வந்தால் ‘வேலை செய்கிறது’ என்பார்கள். அது டிஎம்எஸ்ஓ ரத்தத்தில் கலந்ததன் வாடை. தழும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு விதிவிலக்கு. திறந்த புண்ணில் அந்தச் சுவரே கிடையாது. அங்கே ஊடுருவ வைக்கும் பொருள் தேவையில்லை; பூசினால் எரியும், புண் ஆறுவதும் தாமதமாகலாம். திறந்த புண் என்றால் ரத்தம் வடிவது மட்டுமல்ல. சொறிந்து உரிந்த இடம், வெடித்த குதிகால், சற்று முன் சவரம் செய்த கன்னம், எல்லாமே அரைகுறைச் சுவர்தான். தழும்பின் ஓரம் லேசாகக் கீறியிருந்தாலும் அங்கே இந்தக் கிரீமே வேண்டாம்.

சரி, தழும்புக்கு என்னதான் செய்வது? மேடான தழும்பு என்றால் சிலிகோன் ஜெல் தாள்தான் என் முதல் பரிந்துரை. புதிய தழும்பில் பலன் அதிகம், பழையதிலும் முயலலாம். நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது 2 அல்லது 3 மாதம் ஒட்ட வேண்டும். அது எந்த மருந்தையும் உள்ளே அனுப்புவதில்லை. மேலே மூடி, தோலின் ஈரத்தைக் காக்கிறது, அவ்வளவுதான்.