ஸ்டீல் கணக்கு விளங்குது, தனியச் செய்தா பிழைக்குது: பிஈ சோதனைக்குப் படிக்கிற ஒரு தங்கச்சிக்கு

கேள்வி இதுதான். அறிவியல் நகர் இஞ்சினியரிங் பக்கல்டியில சிவில் முடிச்ச ஒரு தங்கச்சி, இப்ப யாழ்ப்பாணத்தில ஒரு கொன்ட்ராக்டரிட்ட சைட் வேலை, அண்ணா நியூ ஜெர்சியில, தானும் அங்க போய் பிஈ (அமெரிக்காவில இஞ்சினியரா பொறுப்பேற்று வேலை செய்யிறதுக்கான) லைசென்ஸ் எடுக்கிற யோசினை, அதுக்கு முந்தின சோதனையான எப்ஈ பாஸ் பண்ணியாச்சு. ஸ்டீல் டிசைன் பயிற்சிக் கணக்கு ஒரு புத்தகம் முழுக்கச் செய்திட்டாவாம், விடையைப் பாத்துக்கொண்டு போனா எல்லாம் விளங்குதாம், நேரம் வச்சுச் செய்தா அரைவாசிக்கு மேல பிழைக்குதாம். இன்னும் எத்தனை கணக்குச் செய்யோணும், எல்ஆர்எப்டியோ ஏஎஸ்டியோ (அமெரிக்க ஸ்டீல் டிசைனின்ர ரெண்டு முறையள்), இந்தக் கிப் (ஆயிரம் றாத்தல் பாரம்) அடி அங்குலத்தை எப்பிடிச் சமாளிக்கிறது, எந்தக் கல்குலேட்டர் கொண்டுபோகலாம் எண்டு கேட்டிருக்கிறா.

தங்கச்சி, இனிப் புதுக் கணக்குக் கூட்ட வேண்டாம். செய்த கணக்குகளையே திரும்ப எடுங்கோ, ஆனா வேற விதமா. உங்களுக்குச் சூத்திரம் தெரியாமப் பிழைக்கேல்லை. விடைப்பக்கத்தில முதல் வரியிலேயே "பிளொக் ஷியர் பாப்பம்" எண்டு எழுதிக் கிடக்கும் (பிளொக் ஷியர் எண்டா போல்ட் இருக்கிற துண்டு அப்பிடியே கிழிஞ்சு வாறது), அந்த ஒரு வரிதான் அந்தக் கணக்கின்ர கஷ்டமே, அதை ஆரோ உங்களுக்காக யோசிச்சுத் தந்திட்டினம், மிச்சம் பெருக்கல் பிரித்தல்தானே, அது ஆருக்கும் விளங்கும். சோதனையில அந்த முதல் வரியை நீங்கள்தான் எழுதோணும், அதைத்தான் நீங்கள் இன்னும் பழகேல்லை. கொங்கிறீட் சைட்டில இருந்து வாற எங்கட ஆக்களுக்கு இது கூடக் கஷ்டம், ஏனெண்டா இஞ்ச உப்புக் காத்துக்குப் பயந்து பெரிய ஸ்டீல் வேலை குறைவு, வாற கூரை வேலையும் கூடுதலா பொக்ஸ் பார் வெல்டிங்தான், போல்ட் போட்ட இணைப்பைக் கையால தொட்டுப் பாக்கிற சந்தர்ப்பம் கிடைக்கிறது அருமை.

ஒரு கணக்கை வடிவாப் பாப்பம். எல் 4×4×1/2 ஆங்கிள் ஒண்டு, ஏ36 ஸ்டீல் (ஈல்ட் பலம் 36, உடையிற பலம் 58 கேஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு இவ்வளவு கிப்), இழுவையில இருக்கு. ஒரு காலில மட்டும் 3/4 அங்குல ஏ325-என் போல்ட் (என் எண்டா மரை வெட்டுப்படுற தளத்துக்குள்ள வாற வகை) மூண்டு ஒரே வரிசையில, போல்ட்டுக்குப் போல்ட் 3 அங்குலம், நுனியில இருந்து முதல் போல்ட்டுக்கு 1.5 அங்குலம், பக்க விளிம்புக்கும் 1.5 அங்குலம், சிங்கிள் ஷியர் (போல்ட் ஒரு தளத்தில மட்டும் வெட்டுப்படும்). குசெட் பிளேட் (ஆங்கிளைப் பிடிக்கிற தகடு) காணும் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. எல்ஆர்எப்டியில எவ்வளவு தாங்கும்?

முதல்ல எல்லாரும் செய்யிறது ஈல்டிங் (ஸ்டீல் இழுபட்டு நீளுறது), ஆங்கிளின்ர ஏரியா 3.75 சதுர அங்குலம்: 0.90 × 36 × 3.75 = 121.5 கிப். பிறகு ரப்சர் (ஓட்டை வழியா அறுந்து போறது). ஓட்டைக்குக் கழிக்கேக்க போல்ட் 3/4, ஓட்டை அதைவிட 1/16 பெரிசு, துளைக்கேக்க விளிம்பு பழுதாப் போறதுக்கு இன்னொரு 1/16, ஆக 7/8 கழிக்கோணும், நெட் ஏரியா 3.31 சதுர அங்குலம் வரும். இதோட நிண்டு 0.75 × 58 ஆல பெருக்கினா 144 வரும், அப்ப ஈல்டிங்தான் குறைவு, விடை 121.5 எண்டு சந்தோசமா அடுத்த கேள்விக்குப் போயிடுவியள். ஆனா ஒரு கால்தானே பிடிச்சிருக்கு, மற்றக் கால் சும்மா தொங்குது, அதால ஷியர் லாக் வருது, அதாவது பாரம் முழு ஆங்கிளுக்கும் சமனாப் பரவாது. அதுக்கான குறைப்புக் காரணி யூ எண்டது 1 இல இருந்து 1.18/6 ஐ (ஆங்கிளின்ர மையத் தூரத்தைப் போல்ட் வரிசை நீளத்தால பிரிச்சது) கழிக்க 0.80. அதைப் போட்டா ரப்சர் 116 கிப் அளவுக்கு இறங்கும், ஈல்டிங்கை விடக் குறைவு. சரி, 116 எண்டு போடுவமோ? இன்னும் பொறுங்கோ. பிளொக் ஷியர் இருக்கு. ஷியர் வழி நீளம் 7.5 அங்குலம், கிறோஸ் ஏரியா 3.75, அதில இரண்டரை ஓட்டை கழிச்சா 2.66, இழுவைப் பக்கம் 0.53. ரப்சர் பக்கத்தால 123 வருது, ஈல்டிங் மேல்வரம்பால 112 வருது, சின்னதை எடுத்து 0.75 ஆல பெருக்கினா 84 கிப். இப்ப கடைசியா போல்ட்டைப் பாருங்கோ, 3/4 ஏ325-என் ஒண்டு சிங்கிள் ஷியரில 17.9 கிப், மூண்டும் சேர்ந்து 53.7. பெயரிங்கும் (போல்ட் ஓட்டை விளிம்பை நசுக்கிறது) டெயரவுட்டும் (விளிம்புப் பக்கமாக் கிழிக்கிறது) இந்தத் தடிப்புக்கு அதைவிட மேலதான் வரும், ஒருக்கா நீங்களே போட்டுப் பாருங்கோ.

ஆக 121.5, 116, 84, 53.7 எண்டு நாலு எண். இந்த நாலும் அப்பிடியே நாலு விடைத்தெரிவா வரலாம், நாலும் எங்கயோ ஒரு இடத்தில சரியான கணிப்புத்தான். கேள்வி ஆங்கிளின்ர இழுவைப் பலத்தை மட்டும் கேட்டா ஒரு விடை, இணைப்போட சேர்த்துக் கேட்டா வேற விடை. அதால கேள்வியின்ர கடைசி வசனத்தை முதல்ல வாசியுங்கோ, என்னத்தைக் கேக்கிறான் எண்டு அடிக்கோடு போட்ட பிறகுதான் மேல தந்திருக்கிற அளவுகளுக்குப் போகோணும். உங்கட விடை தெரிவுகளில இருக்கு எண்டதுக்காக அது சரி எண்டு நம்பவே கூடாது, ஏனெண்டா பிழையான தெரிவுகளை ஆக்கள் விடுற பிழைகளில இருந்துதான் செய்யிறது.

இது வெறும் சோதனைத் தந்திரம் எண்டு நினைக்காதேங்கோ. 1981 ஜூலையில கன்சாஸ் சிட்டியில ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின்ர தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 சனம் செத்தது. முதல் போட்ட வரைபடத்தில நீளக் கம்பி ஒண்டு மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் தாங்கிக்கொண்டு போகும், பேந்து கட்டிறதுக்கு லேசு எண்டு அதை ரெண்டு கம்பியா மாத்திச்சினம், அதால கீழ் நடைபாதையின்ர பாரமும் மேல் நடைபாதைப் பீமில வந்து தொங்க, அந்தப் பீமுக்குக் கீழ இருந்த நட்டில வாற பாரம் இரட்டிப்பாப் போச்சு. அந்த இணைப்பை ஒழுங்காக் கணிச்சுப் பாத்த ஒருத்தரும் இல்லை. பொறுப்பான இஞ்சினியர்மாரின்ர லைசென்ஸை மிசூரி மாநிலம் பறிச்சது. நீங்கள் எடுக்கப்போறதும் அப்பிடி ஒரு லைசென்ஸ்தான், அதால இணைப்புக் கணக்கை "பிறகு பாப்பம்" எண்டு தள்ளி வைக்காதேங்கோ.

இனிச் செய்யிற முறை. ஒரு கணக்கை எடுத்தா கல்குலேட்டரைத் தள்ளி வையுங்கோ. ஒரு துண்டுப் பேப்பரில இந்த உறுப்பு எந்தெந்த வழியால எல்லாம் உடையலாம் எண்டு எழுதுங்கோ, கணக்குச் செய்ய வேண்டாம், வழியளை மட்டும். பிறகு விடைப்பக்கத்தைத் திறந்து அவை பாத்ததையும் நீங்கள் எழுதினதையும் ஒப்பிடுங்கோ. இதுக்கு ஒரு கணக்குக்கு ரெண்டு மூண்டு நிமிசம் காணும், ஒரு பின்னேரத்தில இருவது கணக்கு இப்பிடி முடிக்கலாம், அப்பிடி ஒரு கிழமை செய்தாலே வித்தியாசம் தெரியும். விட்டுப்போன வழியளை மட்டும் ஒரு கொப்பியில எழுதி வாங்கோ, கொஞ்ச நாளில பாத்தா திரும்பத் திரும்ப ஒரே மூண்டு நாலு விசயம்தான் விடுபட்டிருக்கும், அதுதான் உங்கட சிலபஸ். ஏலுமெண்டா வெல்டிங் கடையில சொல்லி ஒரு ஆங்கிளில மூண்டு ஓட்டை போட்டு வாங்கி மேசையில வையுங்கோ, பிளொக் ஷியர் எந்த வழியால கிழியும் எண்டு சோக்கட்டியால கீறிப் பாத்தா பிறகு அந்த இரண்டரை ஓட்டை எங்க இருந்து வந்தது எண்டு மறக்கவே மறக்காது.

தூணில ஆக்கள் விழுற குழி வேற. டபிள்யூ 10×49 (ஐ வடிவ ஸ்டீல்), 15 அடி உயரம், ரெண்டு நுனியும் பின் (சுழலக்கூடியது), வீக் அச்சுக்கு (லேசா வளையிற பக்கத்துக்கு) மட்டும் நடுவில ஒரு பிரேஸ். வீக் அச்சுத்தானே எப்பவும் ஆபத்து எண்டு 7.5 அடியைப் போட்டு ஏஐஎஸ்சி (அமெரிக்க ஸ்டீல் கட்டுமான நிறுவனம்) மனுவல் அட்டவணையில பாத்திட்டு வந்தா பிழை. வீக் அச்சில 90 அங்குலத்தை அந்த அச்சின்ர ஆர்வை 2.54 ஆல பிரிச்சா 35, ஸ்ட்ரோங் அச்சில 180 ஐ ஆர்எக்ஸ் 4.35 ஆல பிரிச்சா 41, பெரிய எண்தான் ஆபத்து, அதால ஸ்ட்ரோங் அச்சுத்தான் தீர்மானிக்குது. அட்டவணை 4-1 வீக் அச்சுக்குப் போட்டது, அதால 15 ஐ ஆர்எக்ஸ்/ஆர்வை 1.71 ஆல பிரிச்சு 8.8 அடிக்குத்தான் பாக்கோணும். நடுவில பிரேஸ் எண்ட சொல்லைக் கண்ட உடன ரெண்டு அச்சையும் எழுதுறதைப் பழக்கமாக்குங்கோ.

பீமில சிபி, அதாவது மொமென்ட் பீம் நெடுக மாறுறதுக்குப் போடுற பெருக்குக் காரணி, அதைத்தான் கன பேர் விடுறது. நுனியளில மட்டும் பிரேஸ் உள்ள சாதாரண பீம், சீரான பாரம் எண்டா 1.14, நடுவிலயும் பிரேஸ் இருந்தா 1.30. அட்டவணை 3-10 சிபி 1 எண்டு வச்சுப் போட்டது, சிபியால பெருக்கினாப் பிறகு முழு பிளாஸ்டிக் மொமென்ட்டைத் தாண்டக் கூடாது. டிப்லெக்ஷனுக்கு (பீம் எவ்வளவு தொய்யும் எண்டதுக்கு) பாரத்தை எல்ஆர்எப்டியின்ர 1.2, 1.6 ஆல பெருக்காதேங்கோ, டிப்லெக்ஷன் பாக்கிறது பெருக்காத சேவைப் பாரத்துக்குத்தான்.

எல்ஆர்எப்டியோ ஏஎஸ்டியோ எண்டா, உங்களுக்கு எல்ஆர்எப்டி. கம்பஸில பிஎஸ் 5950 அல்லது யூரோகோட் (பிரிட்டிஷ், ஐரோப்பியக் கோட்) படிச்ச ஆளுக்குப் பாரத்தைப் பெருக்கி பலத்தைக் குறைக்கிற யோசினை ஏற்கனவே கையில இருக்கு. ஏஎஸ்டியை அறவே தெரியாம இருக்கவும் வேண்டாம், ஒரு கேள்வி அதையே குறிச்சுக் கேட்டா தடுமாறக் கூடாது. ஃபையையும் (எல்ஆர்எப்டியில பலத்தைப் பெருக்கிற காரணி) ஒமேகாவையும் (ஏஎஸ்டியில பலத்தைப் பிரிக்கிற காரணி) பெருக்கினா 1.5 வரும், 0.90 க்கு 1.67, 0.75 க்கு 2.00, இதைப் பிடிச்சுக்கொண்டா ரெண்டாவது முறையைப் பாடமாக்கத் தேவையில்லை. ஒரு கணக்குக்குள்ள ரெண்டையும் கலக்கிறதுதான் பெரிய ஆபத்து, பாரம் ஏஎஸ்டியில கூட்டிப்போட்டு பலத்தை எல்ஆர்எப்டி நிரலில எடுக்கிறவை இருக்கினம்.

அலகுக்கு ஒரே வழி, மெட்ரிக்குக்கு மாத்தாதேங்கோ. ஒரு கிப் 4.448 கிலோநியூட்டன், 50 கேஎஸ்ஐ கிட்டத்தட்ட 345 எம்பிஏ, இதை அளவு பிடிபடுறதுக்கு மட்டும் வச்சுக்கொள்ளுங்கோ. கணக்குத் தொடங்கின உடன எல்லாத்தையும் கிப்புக்கும் அங்குலத்துக்கும் கொண்டுவாங்கோ. மொமென்ட் கிப்-அடியில, செக்ஷன் மொடுலஸ் கன அங்குலத்தில எண்டு 12 ஐ விடுறதாலதான் கனக்கப் பிழை வருது, விடை 12 மடங்கு பெரிசா சின்னதா வந்தா அங்கதான் தேடோணும்.

புத்தகத்தைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். எங்கட பக்கம் பழைய புத்தகங்களின்ர பிரதிதான் கைமாறுது. ஏஐஎஸ்சி 13ஆவது பதிப்புக் காலத்துக் கணக்கில ஏ325-என் போல்ட்டுக்கு ஷியர் பலம் 48 கேஎஸ்ஐ, 14இல இருந்து 54, அதால மேல சொன்ன 17.9 பழைய புத்தகத்தில 15.9 எண்டு கிடக்கும், நீங்கள் சரியாச் செய்துபோட்டு விடை பிழை எண்டு ஒரு இரவு முழுக்கக் குழம்புவியள். 1 அங்குலமும் அதுக்கு மேலயும் உள்ள போல்ட்டுக்கு ஓட்டை 1/8 பெரிசு எண்டதும் 2016 ஸ்பெசிபிகேஷனோட வந்த மாற்றம். உங்கட சோதனைத் திகதிக்கு எந்தப் பதிப்பு எண்டு சோதனையை நடத்திற என்சிஇஇஎஸ் தன்ர தளத்தில போடுது, அந்தப் பதிப்பின்ர மனுவலோட மட்டும் இருங்கோ. அண்ணா அமெரிக்காவில எண்டதால ஏஐஎஸ்சி சரி, ஆனா இதை வாசிக்கிற கன பேருக்குச் சொந்தம் டொரண்டோவிலயும் லண்டனிலயும், கனடாவுக்கு சிஎஸ்ஏ எஸ்16, பாரம் 1.25, 1.5, இங்கிலாந்துக்கு யூரோகோட் 3, பாரம் 1.35, 1.5, ஃபை காரணியளும் வேற, அவை இந்த எண்களை அப்பிடியே எடுத்துப் படிக்க வேண்டாம்.

பிஈ சிவில் சோதனை கம்ப்யூட்டரில, 80 கேள்வி, 8 மணித்தியாலம், ஒரு கேள்விக்குச் சராசரி 6 நிமிசம். உங்கட புத்தகம் உள்ள கொண்டுபோக ஏலாது, கோட் எல்லாம் திரையில பிடிஎப்பாத்தான் தருவினம். அதால கடைசி ஒரு மாசம் அச்சுப் புத்தகத்தை மூடி வச்சிட்டு லப்டொப்பில பிடிஎப்பிலயே தேடுங்கோ, செக்ஷன் அளவுகள் பகுதி 1, பீம் 3, தூண் 4, போல்ட் 7, வெல்ட் 8, ஸ்பெசிபிகேஷன் 16 எண்டு யோசிக்காமப் போகத் தெரியோணும். பில்லெட் வெல்ட்டுக்கு மட்டும் தேடவே வேண்டாம், இ70 (வெல்டிங் குச்சியின்ர வகை) எண்டா எல்ஆர்எப்டியில வெல்ட் அளவின்ர ஒவ்வொரு பதினாறில ஒரு அங்குலத்துக்கும், ஒரு அங்குல நீளத்துக்கு 1.392 கிப், 1/4 வெல்ட் எண்டா நாலால பெருக்கினா 5.57, அதைப் பாடமாக்கினா ரெண்டு மூண்டு நிமிசம் மிச்சம்.

கல்குலேட்டர், கம்பஸில பாவிச்ச காசியோ எப்எக்ஸ்-991 இருந்தா அதே காணும், என்சிஇஇஎஸ் அந்த வகையை அனுமதிக்குது, புதுசு வாங்கிக் கை பழக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.