கலங்கியது தண்ணீரா, கம்பியா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் காவிரித் தண்ணீர் வரும், மற்ற நாள் போர் தண்ணீர்தான். போன வாரம் ஆர்.ஓ. மெஷின் (தண்ணீரிலுள்ள உப்பை வடிகட்டி எடுக்கும் கருவி) விற்க ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு டம்ளரிலும், அவர் கொண்டுவந்ததை இன்னொரு டம்ளரிலும் ஊற்றினார். கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் விட்டு பிளக்கில் செருகினார். இரண்டே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் திரிந்துவிட்டது. அவருடையது தெளிவாக இருந்தது. "இதுதான் உங்கள் கிட்னிக்குள் போகிறது" என்றார். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, மீட்டரில் 420 காட்டியது. 50-க்குள் இருக்க வேண்டுமாம். மாமனாருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கல் தொந்தரவு உண்டு. மெஷின் வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பயந்துபோனதில் ஆச்சரியமே இல்லை. குடிக்கிற தண்ணீர் கண்ணெதிரே சேறாக மாறினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்த டம்ளரில் நீங்கள் பார்த்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. அந்தக் கம்பியிலிருந்து வந்தது.

நடந்தது இதுதான். கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாயும்போது ஒரு முனையில் உள்ள இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். அது முதலில் பச்சை கலந்த திப்பியாகத் திரளும், அப்புறம் காற்றுப் பட்டதும் பழுப்பாகும். கிணற்று ராட்டினத்தில் பிடிக்கிற அதே துருதான், நிமிடக்கணக்கில் தயாராகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பை ஏறக்குறைய முழுதும் எடுத்துவிட்டார்கள். அதனால் மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை, டம்ளரும் தெளிவாக இருந்தது.

அடுத்த முறை யாராவது இந்தக் கருவியோடு வந்தால், உங்கள் சமையலறை உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து அவருடைய தண்ணீரில் போட்டு, மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் திரிந்துபோகும். இளநீரை ஊற்றிச் செய்தாலும் திரியும். இளநீர் விஷம் என்று நாம் சொல்வோமா? பலமுறை பயன்படுத்திய கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தால் அரித்து, குழி விழுந்திருப்பதும் தெரியும். (கரண்ட் சமாச்சாரம், இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.)

சரி, 420-க்கு வருவோம். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விடுங்கள்: எண் ஏறவே ஏறாது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. கிருமிகளையும் பூச்சிமருந்தையும்கூட மீட்டர் இப்படித்தான் கோட்டைவிடும். சாக்கடை கசிந்து கலந்த தண்ணீரில் 150 காட்டலாம், நல்ல கிணற்றுத் தண்ணீரில் 450 காட்டலாம்.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500 வரை இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடங்களில் 2000 வரை அனுமதிக்கிறது. 50-க்குள் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. உலக சுகாதார அமைப்பும் டிடிஎஸ்ஸைப் பெரும்பாலும் ருசி சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறது: 600-க்குக் கீழே ருசி நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் வாயில் வைக்கப் பிடிக்காமல் போகும். உங்கள் 420 இந்த அளவுகளுக்குள்தான் இருக்கிறது.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. போர் தண்ணீரில் ஃபுளூரைடு இருக்கக்கூடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் பிள்ளைகளின் பல் பழுப்பேறியதும், பெரியவர்களுக்கு எலும்பு பாதிக்கப்பட்டதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. 2 மில்லிகிராம் இருந்தால் கெடுதல். ஆனால் 420 காட்டும் மீட்டரில் அந்த 2 எங்கே தெரியும்? வீட்டு மீட்டர்களில் 2 சதவீதம் முன்னேபின்னே காட்டுவது சகஜம், அதுவே 8 ஆகிவிடுகிறதே. உரம் அதிகம் போடும் வயல்களுக்கு அருகில் உள்ள போரில் நைட்ரேட்டையும் பார்க்க வேண்டும். அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

மாமனார் விஷயத்தில், கடினத் தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. தண்ணீர் போதாமல் குடிப்பதுதான் பெரிய காரணம். அவருக்கு எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு என்பதை அவர் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

ஆக, முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். காவிரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடியுங்கள். தொட்டியில் கலந்தபின் பிடித்தால் எது எப்படி என்று தெரியாது. ஃபுளூரைடோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டியிருந்தால், அல்லது டிடிஎஸ் 1000-ஐத் தாண்டி வாயில் வைக்க முடியாமல் இருந்தால், ஆர்.ஓ. வாங்குவது சரியான செலவு. தயங்காமல் வாங்குங்கள். கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தாலே போதும். வெறும் 420-க்காக மெஷின் வைத்தால், ஒரு லிட்டர் குடிக்க, மெஷின் ஒதுக்கித் தள்ளும் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் நிலைமையில் அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட் சோதனைக்கு இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிப் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை மட்டும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், அதை அலசவே கூடாது. உள்ளே கொஞ்சம் மருந்து வைத்திருப்பார்கள். தண்ணீரில் உள்ள குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று முடிவை மாற்றிவிடாமல் இருக்கத்தான் அது. குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் போட்டு அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.